ஆளில்லாத குடங்கள்

அன்பு மகனுக்கு,

நீ அடுத்த அறையில் பெட்டியை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்குகிறாய், முனகுகிறாய், எதையோ வெளியே எடுத்துப் போடுகிறாய், மறுபடியும் தூக்குகிறாய். நம் இருவருக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது. ஆனாலும் உனக்கு நான் கடிதம்தான் எழுதுகிறேன். நேரில் பேசினால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்பாய். நானும் உன் முகத்தைப் பார்த்ததும், குளிருக்குக் காலுறை போதுமா என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவேன். முக்கியமானவை எல்லாவற்றையும் நான் இப்படித்தான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை மற்றவர்களுக்கும் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். உன் பெயரும் என் பெயரும் இதில் இல்லை, கோபிக்காதே. மூடிய அறைகளுக்குள் நான் மறைத்தவை போதும்.

இரண்டு கிழமைக்கு முன், சாப்பாட்டு மேசையில், உனக்கு வெளிநாட்டில் கிடைத்த வேலையைப் பற்றிச் சொன்னாய். அந்தப் பேச்சு உனக்கு மறந்திருக்கும். எனக்கு ஒரு சொல்லும் தவறவில்லை.

"கமரா வேலைதான் அம்மா."

"என்ன கமரா?"

"மேல பறக்கிறதில பூட்டியிருக்கிற கமரா. அது எடுக்கிற படத்தில என்ன இருக்கெண்டு கொம்பியூட்டர் தானா சொல்லும். ஆளா, வாகனமா, பொதியா எண்டு."

"சொன்ன பிறகு?"

"பிறகு அது வேற டீம். நான் ஒண்டையும் சுடுறதில்லை அம்மா. பயப்பிடாதேங்கோ."

நீ சிரித்தாய். இன்னொரு கரண்டி சொதி கேட்டாய். நான் ஊற்றினேன். பொதி என்ற சொல் மட்டும் என்னோடு நின்றுவிட்டது. அந்தச் சொல்லை ஒரு காலத்தில் நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருக்கிறேன். அதே கிழமையில்தான், எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து மின்னஞ்சலும் வந்திருந்தது. அவளுடைய தகப்பன் கொமடோரின் கீழ் விமானம் ஓட்டியவராம். கொமடோரின் நினைவாக அவருடைய புத்தகத்தை மறுபடி அச்சிடப் போகிறார்கள். முதற்பதிப்பின் நன்றியுரையில் என் பெயரைப் பார்த்துத் தேடிப் பிடித்திருக்கிறாள். அவரைப் பற்றிச் சில வரிகள் எழுதித் தர முடியுமா, பழைய தட்டச்சுத் தாள்கள் ஏதாவது மிஞ்சியிருக்கின்றனவா என்று கேட்டிருந்தாள்.

கொமடோர் யாரென்று உனக்கு அரைகுறையாகத் தெரியும். "அம்மா கலியாணத்துக்கு முன்னம் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவுக்கு டைப் அடிச்சவ" என்று உன் நண்பர்களிடம் சொல்வாய். அவர் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டின் விமானப்படைக்குத் தளபதியாக இருந்தவர். அங்கே வருடக்கணக்காகக் காட்டுக்குள் ஒரு போர் நடந்தது. அவருடைய பக்கம் தோற்றது. தோற்ற பிறகு நாட்டின் பெயரைக்கூட அவர் சொல்வதில்லை, "அங்கே" என்றுதான் சொல்வார். அவருடைய மனைவி கொழும்பில் பிறந்த, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிப் பெண். வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையில் போய் முடியும் ஒரு ஒழுங்கையில் மனைவிக்குத் தாய் தகப்பன் வீடு இருந்தது. அங்கே வந்து குடியேறினார்கள்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நான் வளர்ந்த இடத்தை நீ பார்த்ததில்லை, இப்போது அங்கே மாடிக்கட்டடம் எழும்பிவிட்டது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் ஒரு சந்து அது. மரம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அதைத் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். உன் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நாற்பது வீட்டுக்கு ஒரு குழாய். தண்ணீர் விடியற்காலையில் வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். அந்தக் குழாய்க்கு ஒரு சட்டம் இருந்தது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சோறு வடிக்கலாம், பிள்ளைக்குத் தலை பின்னலாம். குடம் உனக்குப் பதிலாக நிற்கும். மற்றவர் குடத்தைத் தள்ளி வைத்தால் அன்றைக்குத் தோட்டமே கூடிவிடும். விடியும் நேரத்தில் பார்த்தால் வரிசையில் ஆட்களைவிடக் குடங்கள்தான் அதிகம். பட்டம் வாங்கிய மறுநாளும் நான் குடத்தோடுதான் போனேன். பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை.

"வழிவிடுங்கடி, பட்டதாரி வர்றா! அவ கொடத்துக்கும் சர்டிபிகேட் இருக்கும், பாத்து நகத்துங்க."

"ஒங் கொடத்துல ஓட்ட இருக்கு," என்றாள் என் அம்மா. "மொதல்ல அதுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். படிக்கும்போதும் அப்படித்தான். நான்கு வருடத்தில் விரிவுரை மண்டபத்தில் ஒரு கேள்விகூட நான் கேட்டதில்லை. வேலை தேடிய இடங்களில் என் ஆங்கிலம் காகிதத்தில் நன்றாக இருக்கும், வாயில் வராது. கொமடோருடைய மனைவிக்குத் தேவைப்பட்டதும் அப்படிப்பட்ட ஒருத்திதான். கொமடோருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய வேண்டும், முடிந்ததும் அன்றைய பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மேலதிகமாக ஒன்றும் கேட்காத ஆளாக இருக்க வேண்டும்.

அவரை நான் மதித்தேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் பிழையாகப் புரியும். நான் அறைக்குள் நுழைந்தால் அவர் கதிரையிலிருந்து எழுந்து நிற்பார். நான் உட்காரும்வரை உட்காரமாட்டார். எழுபது வயது மனிதர், முழங்காலில் வேறு பிரச்சினை. மூட்டைக்காரர் மகளுக்காக அதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை. அவருடைய ஆட்கள் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். புயலுக்குள் யாரையும் அனுப்ப மனமில்லாமல் தானே விமானத்தை எடுத்துக்கொண்டுபோய்க் காயப்பட்டவர்களை ஏற்றி வந்தாராம். போர் முடிந்தபோது, கடைசி மெக்கானிக்கின் கடவுச்சீட்டு சரியாகும்வரை தான் நாட்டைவிட்டு வெளியேறவில்லையாம். இவற்றை அவர் எழுதச் சொல்லவில்லை. கடிதங்களை வாசித்துக் காட்டும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அந்த இடங்களில் "அடுத்தது, அடுத்தது" என்று கையை ஆட்டுவார்.

ஒருநாள், ஒரு காட்டுப் பகுதியில் நடந்த தாக்குதலைப் பற்றிய அத்தியாயத்துக்கு வந்தோம். அல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்து, அதை விவரமாகச் சொல்லச் சொன்னார். அவரால் இனி அதைப் பார்க்க முடியாது. கறுப்பு வெள்ளைப் படம், விமானத்திலிருந்து எடுத்தது. மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டை வெளி. அதில் வளைந்து வளைந்து ஒரு வரிசை. ஆட்கள் மிளகு சிந்தியதுபோலத் தெரிந்தார்கள். காலை வெயிலில் நிழல் நீளமாக விழுந்திருந்தது. வரிசை முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள். படம் வாசிக்கும் நிபுணர்கள் அப்போது அவரிடம் சொன்னதை அவர் சொல்ல, நான் ஒரு பக்கமாகத் தட்டச்சு செய்தேன். அது போராளிகளின் அணிவகுப்பு. உருண்டைகள் அவர்களுடைய முதுகுப் பொதிகள். ஆட்களைவிடப் பொதிகள் இரண்டு மடங்கு இருப்பதால், மீதிப்பேர் மரத்தடியில் மறைந்திருக்கிறார்கள். ஆகவே அது பெரிய முகாம். ஆகவே தாக்க வேண்டும்.

நான் அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரிசையின் ஒரு முனையில் நிலம் கறுத்திருந்தது. தண்ணீர் சிந்திச் சிந்தி ஈரமான நிலம். என் அம்மாவிடம் காட்டியிருந்தால் அவள் கண்ணாடிகூட இல்லாமல் சொல்லியிருப்பாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே நான் வாயைத் திறந்தேன்.

"சேர், இது தண்ணீர் வரிசை."

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். எனக்கு வியர்த்தது. ஆனால் தொடங்கிவிட்டேன், நிறுத்த முடியவில்லை. "மரத்தடியில் ஒருவரும் இல்லை, சேர். குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் இடத்திலும் அப்படித்தான் செய்வோம்."

கடற்கரைப் பக்கமாக ஒரு ரயில் போனது. பிறகு, "நிழல்களைப் பாருங்கள், எல்லாம் ஒரே நீளமா?" என்று கேட்டார். பார்த்தேன். ஒரே நீளமில்லை. சில நிழல்கள் பாதிதான் இருந்தன. ஒரே வெயிலில் நிழல் பாதியாக இருந்தால் ஆளும் பாதிதான். சொன்னேன். "இன்றைக்குப் போதும்" என்றார். அன்றைக்கும் நான் எழுந்தபோது அவரும் எழுந்து நின்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் அவர், அந்த முதல் பக்கத்தை எடுத்துவிட்டு வைக்க, ஒரே ஒரு பக்கம்தான் சொன்னார். இடையில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. இரவெல்லாம் மனதுக்குள் எழுதி வைத்திருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் இதோடு இருக்கிறது, நீயே வாசிப்பாய். அதன் நடுவில் உள்ள சில வரிகளை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன். "உருண்டைகள் எவை என்று கேட்டேன். பொதிகள் என்றார்கள். ஆட்களைவிடப் பொதிகள் ஏன் அதிகம் என்று கேட்டேன். மற்றவர்கள் மரத்தடியில் இருக்கிறார்கள் என்றார்கள். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. கையெழுத்திட்டேன். உடைந்த குடங்கள் கிடந்ததாகப் பிறகு வந்த அறிக்கையையும் வாசித்தேன், மூடி வைத்தேன். என் விமானிகள் மீது குற்றமில்லை. அவர்கள் நான் அனுப்பிய இடத்துக்குப் போனார்கள்." பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்த ஒரு பெண்தான் தனக்கு உண்மையைச் சொன்னாள் என்றும் அதில் இருக்கிறது. நன்றியுரையில் வந்த வெறும் பெயரைத் தவிர, என்னைப் பற்றி யாரும் எழுதியது அந்த ஒரு வரிதான்.

புத்தகத்தை அச்சிட்டவர்கள் அவருடைய பழைய ஆட்கள். நான் அடுக்கிக் கொடுக்கும் தாள்களைப் பார்த்துத் தபாலில் போடுவது கொமடோரின் மனைவி, மேடத்தின் வேலை. அவர் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். சிறு வயதில் வீட்டில் வேலை செய்தவர்களிடம் கற்ற தமிழ் அவருக்கு வரும். என்னோடு அதைத்தான் பேசுவார்.

"இந்தப் பேப்பர் வேணாம் மகள். பழையது போட்டு அனுப்பு."

"சேர் கேட்பாரே, மேடம்."

"கேட்டா வாசி. அவருக்கு நீ வாசி. புத்தகத்துக்கு வேணாம்." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு நாடு இல்லை, பிள்ளை இல்லை. அந்தப் பெடியன்கள் லெட்டர் மட்டும்தான் இருக்கு. இது பாத்தா அவங்க எழுத மாட்டாங்க. பிறகு இவர் யாரோட பேசுறது? நான் செத்தா யாரோட?"

மேடம் கெட்டவர் இல்லை. ஒரு மனிதர் தனித்துப்போவாரே என்று பயந்தார். நானும் கெட்டவள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். நான் தட்டச்சு செய்பவள், எந்தத் தாளை அனுப்புவது என்பது என் வேலையா? அது மட்டுமல்ல. கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் எனக்கு நிரந்தர வேலைக்கு மேடம் சொல்லியிருந்தார். அந்த வேலையில்தான் இருபது வருடம் இருந்தேன். நீ படித்தது, இந்த வீடு, எல்லாம் அதிலிருந்து வந்தவை. அதற்காகத்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. அதற்காகச் செய்யவில்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. "சரி மேடம்" என்றேன். பழைய பக்கத்தை வைத்தேன். புதியதை மடித்து என் கைப்பைக்குள் போட்டேன்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று பின்னேரம், கொமடோர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விறாந்தையில் காத்திருந்தார். புத்தகத்தை முகர்ந்து பார்த்தார். அட்டையை விரலால் தடவினார். "அந்தப் பக்கத்தை வாசியுங்கள்" என்றார். நான் புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே தட்டச்சுத் தாளை வைத்துக்கொண்டு, புத்தகத்திலிருந்து வாசிப்பதுபோல வாசித்தேன். நடுவில் ஒரு தடவை பக்கத்தைப் புரட்டும் சத்தமும் செய்தேன். மகனே, அந்தச் சத்தத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவர் மூச்சை விட்டார். "போட்டுவிட்டார்கள்" என்றார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வாயில் வந்த ஒரு எண்ணைச் சொன்னேன்.

அதன் பிறகு கடிதங்கள் வந்தன, முன்னைவிட அதிகமாக. புத்தகம் பிரமாதம், நாம் சிரித்த அந்தப் பழைய பகிடி ஞாபகமிருக்கிறதா, இந்த இடத்தில் என் பெயரைப் போட்டதற்கு நன்றி. ஒவ்வொன்றையும் வாசித்து முடித்ததும் கேட்பார்: "அந்தப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையா?"

"இல்லை, சேர்."

அந்த வீட்டில் நான் சொன்ன உண்மைகளில் மிகக் கொடுமையானது அதுதான். தன் ஆட்கள் எல்லோரும் அதை வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள் என்று அவர் நம்பினார். எவனாவது ஒருவன் தன்னைத் திட்டியாவது எழுதுவான் என்று எதிர்பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கடிதங்களைக் கேட்பதையே விட்டுவிட்டார். ரயில் பாதை ஓரமாக நடக்கப் போவதையும் விட்டார். எந்தத் தனிமைக்கு மேடம் பயந்தாரோ அதை நாங்கள் இருவரும் சேர்ந்து அவருக்குச் செய்து கொடுத்தோம். மூன்று வருடத்தில் போய்விட்டார். தேவாலயத்தில் அவருடைய ஆட்கள் இருவர் வெளிநாட்டிலிருந்து வந்து பேசினார்கள். நேர்மையானவர், எதையும் மறைக்காதவர் என்றார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். பக்கம் என் கைப்பையில் இருந்தது. எப்போதும்போல நான் எழுந்து பேசவில்லை.

இப்போது உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் போய் நாலு வருடமாகிறது, இன்னும் சில பின்னேரங்களில், அவர் வேலை செய்த மருந்துக்கடையைப் பூட்டி வரும் நேரத்துக்குக் காது கதவுப் பக்கம் போகிறது. அவருடைய ஊர் கிளிநொச்சிப் பக்கம் என்பதும், அவருக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதும் உனக்குத் தெரியும். காய்ச்சலில் இறந்தாள் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். மேலேயிருந்து போட்ட குண்டில் இறந்தாள். பன்னிரண்டு வயது. சுதந்திர தின ஒத்திகைக்காகக் காலிமுகத்திடல் பக்கம் விமானங்கள் தாழப் பறக்கும் ஒரு காலையில், நீ ஐந்து வயதில் பல்கனிக்கு ஓடிப்போய்க் கை காட்டினாய். அப்பா உன்னை உள்ளே இழுத்து அறைந்தார். வாழ்நாளில் அவர் உன்னை அடித்தது அந்த ஒரு தடவை. நீ காரணம் தெரியாமல் அழுதாய். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்று மத்தியானம் என்னிடம் கேட்டார்.

"நீ டைப் அடிச்சனியெல்லே அந்த வெள்ளைக்காரனுக்கு. ஆள் நல்லவரோ?"

"நல்லவர்."

"ஓம், எல்லாரும் நல்லவங்கள்தான்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "கீழ நிண்ட சனத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதினவரோ?"

அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில், அந்தப் பக்கம் இருந்தது. பத்து அடி தூரம்கூட இல்லை. எடுத்துக் கொடுத்திருந்தால், ஏன் அச்சில் இல்லை என்று கேட்பார். நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டிவரும்.

"இல்லை" என்றேன்.

"எழுத மாட்டாங்கள்," என்றார். பிறகு சாப்பிட்டார்.

கொமடோரிடம் புத்தகத்தில் இருக்கிறது என்றேன். அப்பாவிடம் அவர் எழுதவே இல்லை என்றேன். ஒரு பக்கத்தைப் பற்றி இரண்டு மனிதரிடம் இரண்டு பொய். மேலே இருந்த ஒருவர் கீழே பார்த்துச் சொன்ன சொல், அதைக் கேட்கவென்றே காத்திருந்த ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். நான் குண்டு போடவில்லை. கையெழுத்து வைக்கவில்லை. தட்டச்சு மட்டும்தான் செய்தேன். படத்தை வாசித்த நிபுணனும் படத்தை மட்டும்தான் வாசித்தான். விமானி போகச் சொன்ன இடத்துக்கு மட்டும்தான் போனான். நீயும் அன்றைக்குச் சொதிக் கரண்டியோடு என்னிடம் அதையேதான் சொன்னாய்: பிறகு அது வேற டீம்.

உன்னுடைய கொம்பியூட்டர் அந்த நிபுணனைவிடக் கெட்டிக்காரனாக இருக்கும், எனக்குத் தெரியும். நீ செய்தால் இன்னும் நன்றாகச் செய்வாய் என்றும் தெரியும். சின்ன வயதிலிருந்தே எதையும் அரைகுறையாக விட்டவனில்லை நீ. ஆனால் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கத்தை அதற்கு யார் சொல்லிக் கொடுப்பார்? நீ சொல்லிக் கொடுக்கலாம். அப்போதும் வேறு ஊர்களில் வேறு பழக்கங்கள் இருக்கும், உனக்கும் எனக்கும் தெரியாதவை. கொமடோர் தெரியாமல் தவறியவர் இல்லை, இதைக் கவனி. அவர் சரியான கேள்வியைக் கேட்டார். ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார். வசதியான பதில் கிடைத்ததும் நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர்கள் தவறுவது அந்த இடத்தில்தான். நானும் அந்த இடத்தில்தான் தவறினேன். நீயும் நல்ல பிள்ளை, அதனால்தான் எனக்குப் பயம்.

இதை எழுதும்போது ஒரு சந்தேகம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. இது என் தனிமை பேசுகிற பேச்சோ? மகனைப் போகவிடாமல் பிடித்து வைக்கச் செத்துப்போன ஒரு கொமடோரையும் செத்துப்போன புருஷனையும் இழுத்து வருகிறேனோ? நீயும் அப்படித்தான் நினைப்பாய், நினைக்க உனக்கு நியாயம் இருக்கிறது. நீ போன பிறகு இந்த வீட்டில் ரயில் சத்தம்தான் என்னோடு இருக்கும். அரைக் கொத்து அரிசிகூட எனக்கு அதிகம். பக்கத்து வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் அது உப்புக் கேட்கத்தான் இருக்கும். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பொய் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது. ஆனால் மேடமும் ஒரு மனிதரின் தனிமைக்குப் பயந்துதான் அந்தத் தாளை எடுக்கச் சொன்னார். என் தனிமைக்குப் பயந்து நான் உன்னைப் பிடித்து வைத்தாலும் பிழை. நீ கோபித்துக்கொண்டு என்னோடு கதைக்காமல் விடுவாய் என்று பயந்து இதைச் சொல்லாமல் விட்டாலும் பிழை.

ஆகவே பிரித்துச் சொல்கிறேன். போ. அந்தக் குளிர் நாட்டுக்குப் போ, தூரமாகவே போ, திரும்பி வராவிட்டாலும் போ. தனியாக இருக்க நான் பழகிக்கொள்வேன். இந்த வேலைக்கு மட்டும் போகாதே. பயணச்சீட்டு எடுத்தாயிற்று, கையெழுத்தும் வைத்தாயிற்று என்பாய். வைத்த கையெழுத்தை விமானம் கிளம்பும் முன் எடுத்துவிடலாம், கிளம்பிய பிறகுதான் முடியாது. கொமடோருக்கு இருபது வருடம் பிந்தித்தான் ஒருத்தி சொன்னாள். உனக்கு, நீ விமானம் ஏற ஆறு நாள் முந்தியே சொல்கிறேன். கேட்காமலே நான் வாயைத் திறப்பது வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை திறந்துவிட்டுப் பிறகு மூடிக்கொண்டேன். இந்தத் தடவை மூடமாட்டேன். முடிவு உன்னுடையது. நீ எதை எடுத்தாலும் விமான நிலையத்துக்கு நான் வருவேன், ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டேன்.

இன்று காலையில் அந்தப் பெண்ணுக்குப் பதில் அனுப்பினேன். கொமடோரின் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்தேன். அது ஏன் முதற்பதிப்பில் இல்லை என்பதையும், அதை எடுத்தவள் யார் என்பதையும் எழுதினேன். நினைவுக் குறிப்பாகச் சில வரிகள் கேட்டிருந்தாளே, அதற்கு ஒன்றுதான் எழுதினேன்: நான் உட்காரும்வரை அவர் நின்றார், நான் அவருக்காக ஒரு தடவைகூட எழுந்து நிற்கவில்லை. அவர்கள் அதை அச்சிடுவார்களா என்று தெரியாது. மத்தியானம்வரை பதில் வரவில்லை. இனி யாரும் வாசிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது, அது போதும்.

உன் பெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தையும் அந்தப் பழைய தாளையும் உன் கையில் தந்துவிட்டு நான் சமையலறையில் இருப்பேன். மடிப்பில் தாள் கிழிகிறது, பார்த்துப் பிரி. என்னிடம் வரும் முன் கொமடோரின் பக்கத்தை வாசி. மனதுக்குள் வாசிக்காதே, சத்தமாக வாசி. அப்பாவின் படம் நீ இருக்கும் அந்த அறையில்தான் மாட்டியிருக்கிறது.

அம்மா